பதினாறு எழுத்தும் கூர் உளியும்

நாலந்தாச் சந்தியில் சவாரிக்குக் காத்து நிற்கும் ஓட்டோக்காரர் ஒவ்வொருவருடைய சட்டைப்பையிலும் வட ஐரோப்பாவின் பழைய ரூன் எழுத்துகள் இரண்டு இருக்கின்றன. போனில் ஓடும் பாட்டை ஸ்பீக்கருக்கு மாற்றத் தொடுகிறார்களே, அந்தப் புளூடூத் அடையாளத்தைத்தான் சொல்கிறேன். நட்சத்திரம் மாதிரிக் கோடுகள் குறுக்கிடும் 'ஹகல்' என்கிற ஹகர எழுத்தையும், நிமிர்ந்த தண்டில் இரண்டு முக்கோணங்கள் தொங்கும் 'பியார்க்கன்' என்கிற பகர எழுத்தையும் ஒரே தண்டில் ஏற்றி உண்டாக்கியது அது. ஹரால்ட் புளூடூத் என்ற டென்மார்க் அரசனுடைய பெயரின் முதலெழுத்துகள். அவன் 10ஆம் நூற்றாண்டுக்காரன். தந்தை கோர்முக்கும் தாய் தூராவுக்கும் நினைவாக, ஏறத்தாழ 965இல், ஜெல்லிங் என்ற ஊரில் பெரிய பாறையொன்றை நிறுத்தி எழுத்து வெட்டுவித்தான். டென்மார்க்கையும் நோர்வேயையும் வென்றவன் தானே என்றும், டேனியரைக் கிறிஸ்தவராக்கியவன் தானே என்றும் அந்தக் கல்லில் சொல்லிக்கொள்கிறான். பெற்றோருக்கு வைத்த நினைவுக்கல்லில் தன் பெருமையை நீட்டி எழுதச் சொல்லும் பிள்ளைகள் எங்கள் பட்டறைக்கும் வருவதுண்டு.

எனக்குத் தொழில் கல்லில் எழுத்து வெட்டுவது. கோயில் உபயகாரர் பலகை, கல்லறைக் கல், பாடசாலைக் கட்டடத்துக்கு அடிக்கல், வீட்டு வாசலுக்குப் பெயர்க்கல். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் வெட்டுவேன். மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஏ9 வீதியில் நாலந்தாவில் இறங்கிக் கிழக்கே சிறிது நடந்தால் கெடிகே வரும். கல்லில் வேலை செய்கிறவன் அதைப் பார்க்காமல் அந்த வழியால் போக முடியாது. 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் எழுந்த முழுக் கற்கட்டடம். மாமல்லபுரம் போய் வந்தவர்கள் பார்த்த உடனே பல்லவர் கை என்பார்கள். கூடுகளுக்குள்ளிருந்து முகங்கள் எட்டிப் பார்க்கின்றன, தென்புறத்தில் குபேரன் உட்கார்ந்திருக்கிறான். உள்ளே போனால் அது பௌத்தருடைய வழிபாட்டிடம். மகாவலித் திட்டத்தில் போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது இது தண்ணீருக்குள் போக இருந்தது. 1975இல் தொடங்கிக் கல் கல்லாகக் கழற்றி, மேட்டில் மறுபடி அடுக்கி நிறுத்தினார்கள். சிற்ப வேலை அத்தனை இருந்தும், கட்டியவன் யார் என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல ஆளில்லை.

இதே மாத்தளை மாவட்டத்தில், வடக்கே தம்புள்ளைக் குகைகளுக்குப் போனால் நிலைமை தலைகீழ். அங்கே இருப்பது இயற்கையான பாறை முழைதான். ஆனால் மழைநீர் உள்ளே வழியாதபடி பாறை நெற்றியில் வெட்டிய விளிம்புக்குக் கீழே பிராமி எழுத்து இருக்கிறது. இலங்கை முழுக்க இப்படிக் கி.மு. 3ஆம் நூற்றாண்டிலிருந்து வெட்டிய குகைக் கல்வெட்டுகள் ஏராளம். கல்வெட்டு ஆய்வாளர் பரணவிதான 1970இல் வெளியிட்ட முதல் தொகுதியிலேயே ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. வாசகம் அநேகமாக ஒன்றுதான்: இன்னாருடைய மகன் இன்னாருடைய குகை, நாற்றிசையிலிருந்தும் வந்த, இனி வரப்போகிற சங்கத்தாருக்குக் கொடுத்தது. எங்கள் மொழியில் சொன்னால் உபயகாரர் பலகை.

ரூன் எழுத்தைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியது ஒரு வேலையால். கெடிகே பார்க்க வந்த நோர்வேக்காரர் ஒருவர் பட்டறையில் ஏறி, இறந்துபோன தன் தகப்பனாருடைய பெயரை ஒரு சிறிய கருங்கல்லில் ரூனில் வெட்டித் தர முடியுமா என்று கேட்டார். கையோடு எடுத்துப்போகிற அளவு கல். எழுத்துகளைத் தாளில் வரைந்தும் தந்தார். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது: அந்த நாட்டில் இல்லாத கல்லா? ஆனால் தாளைப் பார்த்ததும் கை பரபரத்தது.

தாளில் இருந்த எழுத்தில் ஒரு படுக்கைக் கோடுகூட இல்லை. எல்லாம் நிமிர்ந்த தண்டும் அதிலிருந்து சாயும் கிளைகளும்தான். வளைவும் இல்லை. இதற்குப் பொதுவாகச் சொல்லும் காரணம் மரம். மரச்சட்டத்தில் கத்தியால் கீறும்போது, ரேகைக்குக் குறுக்கே போகும் கோடு தெளிவாக விழும். ரேகையோடு போகும் கோடு ஒன்றில் மரத்தைப் பிளக்கும், அல்லது ரேகைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். ஆகவே தண்டைக் குறுக்கே நிறுத்தி, கிளையைச் சாய்த்துவிட்டார்கள். கிடைத்த மிகப் பழைய ரூன்களில் சில மரத்தில் அல்ல, உலோகத்திலும் கொம்பிலும் இருக்கின்றன என்பது உண்மைதான். டென்மார்க்கின் வீமோசே சதுப்பில் எடுத்த சீப்பு, ஏறத்தாழ கி.பி. 160ஐச் சேர்ந்தது, மான்கொம்பில் செய்தது. ஆனால் மரம் மக்கிப்போகும், கொம்பு மிஞ்சும். மிஞ்சினதை வைத்து மட்டும் கணக்குப் போட முடியாது.

எங்கள் பக்கத்தில் இதே சிக்கலுக்கு வேறு தீர்வு கண்டார்கள். மாத்தளை நகரத்துக்குச் சற்று வடக்கே அலுவிகாரை. வட்டகாமணி அரசன் காலத்தில், கி.மு. முதலாம் நூற்றாண்டில், அதுவரை வாயால் ஓதிவந்த பாளித் திரிபிடகத்தை அங்கேதான் ஏட்டில் எழுதினார்கள் என்பது மரபு. இன்றும் அங்கே போனால் எழுத்தாணியால் ஓலையில் கீறிக் காட்டுகிறார்கள். கீறும்போது ஒன்றும் தெரியாது. கரிமை தடவித் துடைத்தபின்தான் எழுத்து எழும்பி வரும். ஓலையின் நரம்பு நீளவாட்டில் ஓடுகிறது, வரியும் நீளவாட்டில்தான் ஓடுகிறது. நரம்போடு படுக்கையாக இழுத்தால் கிழியும். வடநாட்டார் கோட்டைச் சாய்த்தார்கள், நம்மவர்கள் வளைத்தார்கள். தமிழில் 'ப'வும் 'ட'வும் இன்னும் நேர்க்கோட்டில் நிற்கின்றனவே என்று கேட்டால், கேள்வி நியாயமானது. ஓலை ஒன்றே எழுத்தைத் தீர்மானித்துவிடவில்லை. ஆனால் சிங்கள எழுத்தின் உருளல் முழுவதையும் பார்க்கிறவனுக்கு ஓலையை மறக்க முடியாது.

கருங்கல்லுக்கு ரேகைத் தொல்லை அவ்வளவு கிடையாது. அதன் தொல்லை வேறு. அது சீவாது, உதிரும். மார்பிளில் தட்டை உளியால் இருபக்கமும் சாய்த்து வெட்டிக் கூரான பள்ளம் எடுக்கலாம். கருங்கல்லில் கூர் உளியைக் கிட்டத்தட்ட நெட்டாகப் பிடித்து, புள்ளி புள்ளியாகக் கொத்தித்தான் கோடு உண்டாக்க வேண்டும். சுவீடனில் நிற்கும் 2500க்கு மேற்பட்ட ரூன் கற்களில் பெரும்பாலானவையும் இப்படிக் கொத்தியவைதான். அங்கேயும் கல் கடினக் கல். 'ண' வெட்டும்போது என் பயமெல்லாம் சுழிக்குள் மிஞ்சும் சிறு திட்டைப் பற்றித்தான். அடி உள்நோக்கிப் போனால் திட்டு மொத்தமாகப் பெயர்ந்து குழியாகிவிடும். அதனால் சுழியில் உளிமுனை எப்போதும் திட்டுக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளும்படி வைத்துக் கொத்துவேன். ரூனில் அந்தப் பயம் கிளை தண்டில் சேரும் மூலையில் இருக்கிறது. இரண்டு கோடு கூர்ந்து சந்திக்கும் இடத்தில் இடையில் நிற்கும் கல் தகடு மாதிரி மெலிந்துவிடும். கிளையைத் தண்டுவரை கொண்டுபோகாமல் மயிரிழை விட்டு நிறுத்தி, தண்டைக் கடைசியில் கொத்தினால் மூலை நிற்கிறது.

வந்தவர் சற்றுச் சங்கடத்தோடு ஒன்று சொன்னார். தகப்பனார் பெயரில் கோர்ம் என்ற பெயரின் முதலில் வருவது போன்ற அதிர்கிற ககரமும், அதிர்கிற டகரமும் உண்டு. ஆனால் வைக்கிங் காலத்து எழுத்தில் அவற்றுக்குத் தனி எழுத்து இல்லை, ககரத்தையும் தகரத்தையும்தான் போட வேண்டும், வாசிக்கிறவர் இடம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். இது பெரிய குறை என்பது போல அவர் முகம். எனக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கல், தங்கம், அகம் மூன்றிலும் மூன்று ஒலி, எழுத்து ஒன்று. தமிழ் தெரிந்தவனுக்கு ரூன் கற்பது இந்த ஒரு விஷயத்தில் வெள்ளைக்காரனைவிட எளிது.

கதை இப்படி. முதலில் இருந்த ரூன் நெடுங்கணக்கில் 24 எழுத்து. மத்தியதரைக் கடற்பக்கத்து எழுத்துகளிலிருந்து, உரோம எழுத்தோ வட இத்தாலியப் பழைய எழுத்தோ, அதைப் பார்த்து உண்டாக்கியது. ஆனால் அ, ஆ என்றோ ஏ, பி என்றோ வரிசை போகாது. முதல் ஆறு எழுத்தின் ஒலியைச் சேர்த்து 'ஃபுதார்க்' என்றே அதற்குப் பெயர். கொட்லாந்துத் தீவில் சில்வர் என்ற இடத்துக் கல்லறைக் கல்லில், கி.பி. 400 அளவில், அந்த வரிசையை யாரோ ஒப்பிப்பது போல வெட்டி வைத்திருக்கிறார். எட்டெட்டாக மூன்று கூட்டம். நம் வல்லினம், மெல்லினம், இடையினம் ஆறாறாக மூன்று கூட்டம் அல்லவா என்று எனக்கு உடனே தோன்றியது. ஆனால் நம்முடையது வாயில் ஒலி பிறக்கும் வகையைப் பார்த்துப் பிரித்தது. அவர்களுடையதில் அப்படி ஒலிக்கணக்கு எதுவும் தெரியவில்லை.

8ஆம் நூற்றாண்டை ஒட்டி ஸ்கண்டிநேவிய மொழியில் உயிரொலிகள் பெருகின. எழுத்தும் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. 24, 16 ஆகச் சுருங்கிவிட்டது! க-வும் அதன் அதிர்வொலியும் ஒன்று, த-வும் அப்படியே, ப-வும் அப்படியே. உகர எழுத்தே ஒகரத்துக்கும் இன்னும் சில உயிருக்கும் வேலை செய்யும். ஜெல்லிங் கல்லில் கோர்ம் என்ற அரசன் பெயரை எழுத்துக்கு எழுத்து படித்தால் 'குர்ம்' என்றுதான் வரும். இங்கிலாந்துக்குப் போன கூட்டமோ எதிர்ப்பக்கம் நடந்தது: ஒலி கூடக்கூட எழுத்தைக் கூட்டி 30ஐத் தாண்டினார்கள். எது நல்லது என்று என்னைக் கேட்டால் சுருக்கியவர்கள் பக்கம்தான் நிற்பேன். அந்த 16 எழுத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு தண்டுதான். இரண்டு தண்டு நிறுத்திய பழைய எழுத்துகள் போயின. கல்லில் ஒரு தண்டு என்பது அரைமணி நேர வேலை.

பிறகு அவர்களுக்கும் ஒலி குழம்பியதாலோ, இங்கிலாந்தின் பழக்கத்தைப் பார்த்தோ, 10ஆம் நூற்றாண்டு முடிவளவில் புள்ளி வைக்கத் தொடங்கினார்கள். ககரத்தின்மேல் புள்ளி குத்தினால் அதிர்வொலி, இகரத்தில் குத்தினால் எகரம். தமிழ்ப் புள்ளி வேறு வேலை பார்க்கிறது, மெய்யின் உயிரை அடக்குகிறது. தொல்காப்பியத்தில் எகர ஒகரக் குறிலுக்கும் புள்ளி உண்டு, வீரமாமுனிவர் மாற்றிய பிறகு அது போய்விட்டது. ஆனால் சோழர் காலக் கல்வெட்டுகளைப் பார்த்தால் பெரும்பாலும் புள்ளியே இருக்காது. வெட்டுகிறவன் சோம்பேறி அல்ல. புள்ளி என்பது உளியின் ஒற்றை அடி. கருங்கல்லில் ஒற்றை அடிக்கும் இயற்கையான பொத்தலுக்கும் நூறு வருஷத்துக்குப் பிறகு வித்தியாசம் தெரியாது. மைப்படி எடுக்கிறவர்களைக் கேளுங்கள். ஈரத் தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளத்துக்குள் இறக்கி, மைப்பொதியால் ஒற்றி எடுத்தால் எழுத்தெல்லாம் வெள்ளையாக வரும். கூடவே கல்லின் அம்மைத் தழும்புகளும் வெள்ளையாக வரும்.

ரூனுக்கு அர்த்தம் என்ன என்று கேட்டு வருகிறவர்கள் எதிர்பார்ப்பது இதை அல்ல. அவர்களுக்கு வேண்டியது மந்திரம். ஒவ்வொரு ரூனுக்கும் ஒரு பெயர் உண்டு என்பது மெய். முதல் எழுத்து 'ஃபெஹு', கால்நடை, அதனால் செல்வம். மாடு என்றால் செல்வம் என்பதைத் தமிழனுக்கு விளக்க வேண்டியதில்லை. அடுத்தது காட்டெருது, அதற்கடுத்தது அரக்கன். இந்தப் பெயர்கள் ரூன் பாடல்கள் என்ற சில பழைய செய்யுள்களின் மூலம்தான் நமக்கு வந்தன. அதில் ஆங்கிலப் பாடலின் ஏடு 1731இல் லண்டனில் தீயில் எரிந்துபோனது. ஜார்ஜ் ஹிக்ஸ் 1705இல் அதை அச்சேற்றியிருந்ததால் தப்பியது. அதிலும், 24 எழுத்துக் காலத்துப் பெயர்கள் என்று இன்று புத்தகங்களில் போடுகிறார்களே, 'ஃபெஹு' உட்பட, அவை பிற்காலப் பெயர்களிலிருந்து மொழியியலார் கணித்தவை.

மந்திரமாகவும் பயன்படுத்தினார்கள், இல்லையென்று சொல்லவில்லை. பொன் தாயத்துகளில் பொருள் புரியாத சொற்கள் இருக்கின்றன. சுவீடனின் பியோர்கெதோர்ப்பில் நாலு மீற்றருக்கு மேல் உயர்ந்த கல்லொன்று, தன்னை உடைக்கிறவனைச் சபிக்கிறது. ஆனால் சாபம் நமக்குப் புதிதா? தானத்தைக் கெடுக்கிறவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று தமிழ்க் கல்வெட்டு முடிகிறது. 9ஆம், 10ஆம் நூற்றாண்டு இலங்கைத் தூண்களில் எழுத்துக்குக் கீழே ஒரு நாயையும் காகத்தையும் வெட்டி விட்டிருக்கிறார்கள். மீறினால் அப்படிப் பிறப்பாய் என்பது படிக்கத் தெரியாதவனுக்கும் விளங்கும். சாபம் இருப்பதால் அந்தத் தூணை யாரும் மந்திரத் தூண் என்பதில்லை. அது காணிச் சலுகைப் பத்திரம். பாதுகாப்புக்காகக் கடைசியில் ஒரு பூட்டு.

இன்று கடையில் விற்கும் ரூன் சோதிடத்தின் பெரும்பகுதி மிக இளையது. ஆஸ்திரியாக்காரர் கீடோ ஃபொன் லிஸ்ட், 1902இல் கண் அறுவைக்குப் பின் பார்வை மறைந்திருந்த மாதங்களில் தனக்கு 18 ரூன்கள் வெளிப்பட்டதாகச் சொல்லி, 1908இல் புத்தகம் போட்டார். அந்தப் பக்கம் ஓடிய ஆறுதான் பிறகு ஹிட்லருடைய எஸ்எஸ் படையின் கழுத்துப் பட்டியில் இரட்டைச் சகர ரூனாக வந்து நின்றது. ஜேர்மனியில் இன்றும் அதைப் பொதுவில் காட்டுவது குற்றம். 1982இல் அமெரிக்கர் ரால்ஃப் புளும் சோதிடத்துக்கென்று எழுத்தே இல்லாத ஒரு வெற்று ரூனையும் சேர்த்துவிட்டார். ஒன்றும் வெட்டாத கல்லுக்குக் காசு வாங்கியவர், தொழிலில் என்னைவிடக் கெட்டிக்காரர்.

எழுத்தின்மேல் வெறுப்பு ஏறுவது எப்படி என்று இலங்கையில் இருக்கிறவனுக்கு எஸ்எஸ் காலத்துக்குப் போக வேண்டாம். 1957, 58இல் வாகன இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ வந்தபோது வடக்கில் அதைத் தார் பூசி அழித்தார்கள். தெற்கில் பதிலுக்குத் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தாரில் மூழ்கின. அந்த எழுத்தை வரைந்து பார்த்தால் எவ்வளவு அழகான சுழி! மூன்று மொழியும் வெட்டுகிறவனுக்கு இதைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது, ஆனால் அது வேறு கட்டுரை.

மந்திரமும் அரசியலும் போக, அந்த மக்கள் ரூனில் உண்மையில் என்னத்தை எழுதினார்கள் என்று பார்த்தால் எனக்கு மனம் நிறைகிறது. நோர்வேயின் பெர்கன் துறைமுகத்தில் 1955இல் பழைய மரக் கட்டடங்கள் எரிந்தன. அடியில் தோண்டியபோது ரூன் கீறிய குச்சிகள் நூற்றுக்கணக்கில், 670 அளவில், வந்தன. சரக்கு மூட்டையில் கட்டிய பெயர்ச் சீட்டு, கடன் கணக்கு, காதல். ஒரு குச்சியில் கீடா என்ற பெண், நீ வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஆளுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறாள். ஆள் எங்கே உட்கார்ந்திருந்தான் என்று யாருக்கும் ஊகிக்க முடியும். பதில் எழுத முயன்றவனுடைய கீறல் படிக்க முடியாத கிறுக்கல்.

ஓர்க்னித் தீவில் மேஸ்ஹௌ என்ற கற்காலச் சமாதிக்குள் 12ஆம் நூற்றாண்டில் நுழைந்த நோர்வே ஆட்கள் சுவரில் முப்பதளவு ரூன் வாசகங்கள் கீறிவிட்டார்கள். ஒருவன், மேற்குக் கடலில் தன்னைவிட ரூன் தெரிந்தவன் இல்லை என்கிறான். இன்னொருவன் இங்கிகெர்த் தான் பெண்களில் அழகி என்கிறான். நாலந்தாவிலிருந்து பஸ் ஏறினால் பிற்பகலுக்குள் சிகிரியாவின் கண்ணாடிச் சுவருக்குப் போய்விடலாம். அங்கே 8ஆம் நூற்றாண்டிலிருந்து 10ஆம் நூற்றாண்டுவரை வந்து போனவர்கள், மேலே தீட்டியிருக்கும் பெண்களைப் பார்த்துக் கிறங்கியும் கோபித்தும் கவிதை கீறியிருக்கிறார்கள். பரணவிதான 1956இல் 685 பாட்டு வாசித்து வெளியிட்டார். தரத்தில் சிகிரியாக்காரர்களை அடித்துக்கொள்ள முடியாது. அவர்கள் யாப்புக் கெடாமல் கிறங்கினார்கள்.

மற்றபடி சுவீடனின் கற்கள் அத்தனையும் நம் தம்புள்ளை விளிம்பு மாதிரித்தான்: இன்னார் இன்னாருக்காக இந்தக் கல்லை நிறுத்தினார், பாலம் போட்டார், மகன் கிழக்கே கப்பலில் போய் இறந்தான். அநுராதபுரத்தில் 'தமெட' என்று தங்களைச் சொல்லிக்கொண்ட தமிழ்க் குடும்பத்தலைவர்கள் ஒரு மேடை அமைத்து, யார் யாருக்கு எந்த இருக்கை என்று பாறையில் பிராமியில் பெயர் வெட்டி வைத்தார்கள். அதில் ஒருவர் கப்பல் தலைவர். கிழக்கே போன சுவீடன் மகனும் இவரும் ஒரே இரகம்.

நோர்வேக்காரருடைய கல்லை வெட்டி முடித்ததும், எழுத்துக்குள் என்ன நிறம் என்று கேட்டேன். தங்க வர்ணம் சொல்வார் என்று நினைத்தேன். சிவப்பு என்றார். பழைய ரூன் கற்களில் சிவப்புப் பூச்சின் தடம் கிடைத்திருக்கிறது, அதனால் இன்றும் அங்கே சிவப்புத்தான் பூசுகிறார்களாம். எங்கள் சாயப்பெட்டியில் இருந்த செங்காவியை எண்ணெயில் குழைத்துப் பூசினேன். சாம்பல் கல்லில் தங்கத்தைவிட நன்றாக எடுபட்டது. இப்போது கேட்கிறவர்களுக்கு நானே அதைச் சிபாரிசு செய்கிறேன். கோயில்காரர்கள் ஒத்துக்கொள்கிறார்கள், கல்லறைக்காரர்கள் மாட்டேன் என்கிறார்கள்.

கல்லின் அடியில் வெட்டியவன் பெயர் வேண்டும் என்றும் அவர் கேட்டார். அவர்கள் ஊர் வழக்கம் அது. உப்லாந்து மாகாணத்தில் 11ஆம் நூற்றாண்டுக் கடைசியில் ஓபிர் என்றொரு கைகாரன். பாம்பின் உடலுக்குள் எழுத்தை ஓடவிடுவான். அவன் கையொப்பமிட்ட கற்கள் மட்டும் 50 அளவில் நிற்கின்றன. சோழர் கல்வெட்டும் 'இவை இன்னான் எழுத்து' என்று முடியும். இன்று உபயகாரர் பலகையில் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோருக்கும் இடம் உண்டு, வெட்டியவனுக்கு இல்லை. ஸ்டிக்கர் ஒட்டி மணல் வீசி எழுத்து எடுக்கும் மெஷின் வந்தபின் அதைக் கேட்கவும் வாய் வராது.

ஆனால் சுவீடனில் லைலா கிட்ஸ்லர் ஓஃபெல்ட் என்ற ஆய்வாளர் வேறொரு வழி கண்டிருக்கிறார். கல்லை முப்பரிமாணத்தில் ஸ்கான் செய்து, பள்ளத்தின் ஆழம், சாய்வு, கொத்து விழுந்த இடைவெளி ஆகியவற்றை அளந்து, கையொப்பமில்லாத கல்லையும் எந்தக் கை வெட்டியது என்று பிரிக்கிறார். ஒரே கல்லில் ஆசானுடைய கையும் மாணாக்கனுடைய கையும் தனித்தனியாகத் தெரிகின்றனவாம். தொழில் தெரிந்தவனுக்கு இது நம்பக் கடினமான செய்தி அல்ல. என் பட்டறைத் தம்பி கொத்திய கோட்டை நான் கண்ணை மூடி விரலால் தடவிச் சொல்வேன். தம்புள்ளைக் குகை விளிம்பில் அந்தக் கருவியை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். அடுத்தடுத்த குகைகளுக்கு எழுத்து வெட்டியது ஒரே ஆளா, ஆளுக்கு ஆள் வேறா, தம்பிமாரும் ஏறினார்களா என்று தெரிந்துவிடும். அந்த உயரத்தில் சாரம் கட்ட ஆள் தேவைப்பட்டால், நாலந்தாவிலிருந்து தம்புள்ளை தூரமில்லை.